குக்கர் வெடித்தால், மிக்ஸி ஷாக் அடித்தால் யாரைக் கேட்பது? எல்லையோரக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருக்கிற நமக்கு ரேஷன் கார்டு கேரளாவில், கடைத்தெரு தமிழ்நாட்டில். மாடு வாங்கப் பொள்ளாச்சி, கிரைண்டர் வாங்கக் கோயமுத்தூர் என்று காலம் காலமாகப் போய்வருகிறோம். வாங்கிய பொருள் வீட்டில் வெடித்து ஆளைக் காயப்படுத்தினால் மட்டும் எந்த ஊரில் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறோம். மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பாலக்காட்டுச் சித்தூரில் இருந்தாலும் ஆந்திரச் சித்தூரில் இருந்தாலும் இதே சட்டம்தான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில், பொருளால் ஏற்படும் காயத்துக்கு யார் பொறுப்பு என்பதற்காகவே தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறது.

காயம் பட்டுவிட்டது. வைத்தியம் பார்த்தாயிற்று. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

அந்தப் பொருளை யாரிடமும் கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் வேண்டாம், கம்பெனி ஆளிடம் வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடமும் வேண்டாம். கழுவக்கூட வேண்டாம். ஒரு சாக்குப் பையில் போட்டு, வாயைக் கட்டி, தேதி எழுதி வீட்டில் வையுங்கள்.

இதை நான் என் அத்தை வீட்டில் கற்றுக்கொண்டேன். பொள்ளாச்சியில் வாங்கிய ஐந்து லிட்டர் குக்கர், வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. பருப்பு வெந்துகொண்டிருந்தபோது மூடி எகிறி மேலே ஓட்டில் அடித்தது. கொதித்த பருப்பு அத்தையின் கழுத்திலும் இடது கையிலும் கொட்டியது. மறுநாள் நான் போய்க் குக்கரைப் பார்த்தேன். வெயிட் உட்காரும் குழாயில் ஊசியை விட்டால் தடையில்லாமல் உள்ளே போனது, அடைப்பு ஏதும் இல்லை. சேஃப்டி வால்வின் நடுவில் இருக்கும் உலோகம் உருகாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஆவி அளவுக்கு மிஞ்சிச் சூடேறியிருந்தால் அந்த உலோகம் உருகி, ஆவி அந்த வழியாக வெளியேறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால், சாதாரண அழுத்தத்திலேயே மூடி கழன்றிருக்கிறது. மூடியைப் பாத்திரத்தோடு பூட்டும் காதுகளில் ஒன்று வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. தவறு எங்கே என்று அந்தக் காதே சொன்னது.

நாலு போட்டோ எடுத்தேன். அந்த வாரமே கடைக்காரர் வீட்டுக்கு வந்து, “கம்பெனிக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தர்றேன்” என்றார். மாமாவும் நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். புதுக் குக்கர் வந்தது, பழையது திரும்பவில்லை. பிறகு நோட்டீஸ் அனுப்பியபோது, மூடியைச் சரியாகப் பூட்டாமல் அடுப்பில் வைத்திருப்பார்கள் என்று கம்பெனி பதில் எழுதியது. அதை மறுக்க எங்களிடம் போட்டோவைத் தவிர ஒன்றும் இல்லை. அத்தைக்கு மருந்துச் செலவில் ஒரு பங்கு மட்டும் கிடைத்தது. கழுத்துத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சட்டப்படி, நம் மனுவை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பொருளைச் சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப முடியும். 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பரிசோதனைக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும். அனுப்புவதற்குப் பொருள் நம் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது? போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெண்கள் தீக்காயத்தோடு போனால் டாக்டர் பல கேள்வி கேட்பார். குடும்பத்தார் பயந்துபோய் “சுடுதண்ணி கொட்டிடுச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி அப்படியே பதிவேட்டில் ஏறும். ஆறு மாதம் கழித்து நாம் குக்கர் வெடித்தது என்று மனுப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். எனவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: குக்கர் மூடி கழன்றது, மிக்ஸி ஜாரைத் தொட்டபோது ஷாக் அடித்தது, சார்ஜரில் போட்டிருந்த போன் தீப்பிடித்தது. கம்பெனி பெயர் சொல்ல வேண்டியதில்லை, எந்தப் பொருள் என்பது பதிவானால் போதும்.

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) என்பார்கள், கேரளாவில் வூண்ட் சர்டிஃபிகேட் (காயச் சான்றிதழ்) என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், போய்வந்த வண்டி வாடகைச் சீட்டு எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். கட்டுப் போடுவதற்கு முன்பே காயத்தைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் மனசு வராதுதான், ஆனாலும் யாராவது ஒருவர் எடுத்துவிட வேண்டும்.

வாங்கியது கோயமுத்தூரில். வீடு கேரளாவில். எங்கே மனுப் போடுவது?

உங்கள் ஊரிலேயே போடலாம். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோதான் போக வேண்டியிருந்தது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் வேலை பார்க்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்று சேர்த்தது. எல்லையில் வாழ்கிற நமக்கு இந்தச் சட்டம் செய்த பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடு மாவட்ட ஆணையத்தில் போடலாம். கடை கோயமுத்தூரில் இருப்பதால் விரும்பினால் அங்கேயும் போடலாம். வாளையாறில் குடியிருந்து தினமும் கோயமுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகிறவருக்கு, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் இரண்டு ஊரும் திறந்திருக்கிறது. ஆந்திரத்தில் நகரி, புத்தூர் பக்கத்தில் இருந்துகொண்டு திருத்தணியில் வாங்கியவர்களுக்கும் இதே கணக்குதான். ஏதாவது ஒரு ஊரில் மட்டும் போடுங்கள், இரண்டிலும் போடக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? மொழியையும் பஸ்ஸையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மலையாளம் பேசுவோம், ஆனால் வாசிக்கத் தெரியாது என்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குக் கோயமுத்தூரே வசதி. பாலக்காட்டில் போடுவதானால் அலுவலகப் பலகையில் ‘உபபோக்த்ரு தர்க்க பரிஹார கமிஷன்’ என்று மலையாளத்தில் இருக்கும், நம் நுகர்வோர் ஆணையம்தான் அது. நேரில் அலைய முடியாதவர்கள் காணொளி வழியாக விசாரிக்கக் கோரியும் மனுக் கொடுக்கலாம்.

கடைக்காரர் மேலா, கம்பெனி மேலா?

பொதுவாக இருவரையும் சேர்த்துப் போடுங்கள். யார் எவ்வளவுக்குப் பொறுப்பு என்பதை ஆணையம் பிரித்துச் சொல்லட்டும்.

கம்பெனியின் பொறுப்பு பெரியது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தானே வகுத்த அளவிலிருந்து விலகியது, கொடுத்த உறுதிமொழிக்குப் பொருள் பொருந்தாதது, சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அது பொறுப்பாகும். கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால் காயம் ஏற்பட்டது என்ற இரண்டையும் காட்டினால் போதும். வேறொருவர் தயாரித்த பொருளில் தன் பெயரை ஒட்டி விற்கிற கம்பெனியையும் சட்டம் தயாரிப்பாளராகவே பார்க்கிறது.

கடைக்காரர் எல்லா நேரமும் மாட்டமாட்டார். அவர் பொருளில் மாற்றம் செய்திருந்தால், தானாக ஒரு உறுதிமொழி கொடுத்திருந்தால், பூட்டிப் பொருத்திக் கொடுத்ததில் கவனம் தவறியிருந்தால், கம்பெனியின் எச்சரிக்கைச் சீட்டை நம்மிடம் தராமல் இருந்திருந்தால் பொறுப்பாவார். தயாரித்தது யார் என்றே தெரியாத பொருளை விற்றிருந்தாலும், தயாரித்தவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க வழியில்லை என்றாலும் அவரைத்தான் கேட்க முடியும். பெயர் ஊர் இல்லாத சார்ஜர், கெட்டில், வாட்டர் ஹீட்டர் ராடு விற்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆன்லைனில் வாங்கியதென்றால்?

விற்றவரின் பெயர், முகவரியை அந்தத் தளம் காட்டியாக வேண்டும். தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இது 2020 மின் வணிக விதி. ஆர்டர் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விற்பனையாளர் பக்கம் நாளைக்கே காணாமல் போகலாம்.

பில் இல்லை. கேஸ் நிற்குமா?

நிற்கலாம். போனில் பணம் அனுப்பிய பதிவு, கடை முத்திரை வைத்த வாரண்டி கார்டு, அட்டைப் பெட்டி, கூட வந்தவர் சாட்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன. பில் தராமல் இருப்பதே இந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். “ஜி.எஸ்.டி. பில் வேணும்னா கூட ஆகும்” என்று சொல்லும் கடையில் நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். ஐம்பது நூறு மிச்சம் என்று பார்க்காமல் கேட்டு வாங்குங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டதே?

வாரண்டி என்பது பொருளை ரிப்பேர் செய்து தரும் காலம். உடம்புக்குப் பட்ட காயத்துக்கு அது கெடு இல்லை. காயம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அதற்குமேல் தாமதமானால் தகுந்த காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம். கம்பெனி ‘பரிசீலனையில் உள்ளது’ என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால், அதை நம்பி 2 வருடத்தைக் கடத்திவிடாதீர்கள்.

“நீங்கள்தான் சரியாகப் பயன்படுத்தவில்லை” என்கிறார்கள்.

இந்தப் பதில் வராத கேஸ் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். கேஸ்கெட் கிழிந்த பிறகு சந்தையில் வேறு அளவில் ஒன்றை வாங்கி மாட்டினோமா? சேஃப்டி வால்வு போனதும் பழைய இரும்புக் கடையில் ஒன்றை எடுத்துத் திருகினோமா? அடுப்பில் வைக்கும்போது வெயிட்டின் மேல் கரண்டியை வைத்து அழுத்தினோமா? அப்படி மாற்றியோ தவறாகப் பயன்படுத்தியோ இருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது, கம்பெனியும் அதையே கேடயமாகப் பிடிக்கும். ஆகவே மனு எழுத வரும்போது என்னிடமோ வக்கீலிடமோ ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. பயன்பாட்டுக் குறிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்க, தமிழோ மலையாளமோ மட்டும் படிக்கிற ஒரு அம்மாவிடம் ‘குறிப்பைப் படிக்கவில்லை’ என்று குற்றம் சொல்வது நியாயமா? போதிய எச்சரிக்கை தராததும் குறைதான் என்று சட்டம் சொல்கிறபோது, இந்த வாதத்தை நாம் மனுவிலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து. கத்தி வெட்டும், அடுப்பு சுடும் என்பதுபோல் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை கேட்க முடியாது. சேஃப்டி வால்வை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அப்படி எல்லோருக்கும் தெரிந்ததா, சொல்லுங்கள்.

வாங்கியது நான், காயம் பட்டது மருமகளுக்கு.

வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான், மருமகளே மனுதாரர் ஆகலாம். குழந்தை என்றால் பெற்றோரோ காப்பாளரோ போடலாம். நுகர்வோர் இறந்துவிட்டால் வாரிசுகள் போடலாம்.

கிரைண்டரில் மாவு அரைத்து விற்கிறேன். அது வியாபாரம் அல்லவா?

லாபத்துக்காக வாங்கும் பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் சுயதொழிலுக்கு விலக்கு இருக்கிறது. வீட்டில் மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறவர், ஒரே மிஷினில் தைக்கிற டெய்லர் எல்லாம் நுகர்வோரே. ஆள் வைத்து நடத்தும் மாவு மில்லுக்கு இது ஆகாது. அங்கே வேலை பார்க்கும்போது கை சிக்கினால் முதலாளியைத்தான் தொழிலாளர் இழப்பீடு கேட்க வேண்டும்; முன்பு இதற்கு 1923 சட்டம் இருந்தது, 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. எஸ்டேட்டில் ஸ்ப்ரேயர் வெடித்துக் காயம் பட்டவர்களுக்கும் முதல் வழி அதுதான்.

கேஸ் சிலிண்டர் கசிந்து தீப்பிடித்தால்?

பதிவு செய்த வாடிக்கையாளர்களுக்காக எண்ணெய் நிறுவனங்கள் விபத்துக் காப்பீடு எடுத்திருக்கின்றன, நாம் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வாங்குங்கள். எல்லையோரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வீட்டுச் சேதத்துக்கான காப்பீடு பதிவு செய்த முகவரிக்குத்தான். கேரள முகவரியில் வாங்கிய சிலிண்டரைப் பொள்ளாச்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் அங்கே இழுபறி வரும்.

சிலிண்டர் வரும்போதே கழுத்துப் பட்டையின் உட்பக்கம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, இப்படி மூன்று மூன்று மாதம். எண் வருடத்தைக் குறிக்கும். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர். கெடு தாண்டியது வந்தால் இறக்க விடாதீர்கள்.

வக்கீல் வேண்டுமா? எவ்வளவு செலவு?

வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. இங்கே பார்ப்பது நாம் கேட்கும் இழப்பீட்டை அல்ல, பொருளின் விலையை. இரண்டாயிரம் ரூபாய்க் குக்கருக்காகப் பத்து லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான், கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு, வருமானம் பாராமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நம் வீடுகளில் அடுப்படியில் காயம் படுவது பெரும்பாலும் பெண்கள்தான், அவர்கள் பெயரில் மனு இருந்தால் இந்த உதவியைக் கேட்டுப் பெறலாம்.

எவ்வளவு கிடைக்கும், எத்தனை நாள் ஆகும்?

பரிசோதனை தேவையில்லை என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 3 மாதம், தேவை என்றால் 5 மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, தழும்பு, மன வேதனை, வீட்டில் எரிந்த மற்றப் பொருள்கள் எல்லாம் கணக்கில் வரும். குடும்பத்தில் அவர் செய்துவந்த வேலை நின்றுபோன இழப்பும் வரும். வெடித்த பொருளின் விலையைத் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள், அது காயத்துக்கான இழப்பீட்டில் சேராது. விபத்தில் முன்பக்கம் சேதமான காரில் ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது. வாங்குகிறவர் எதிர்பார்க்கும் பாதுகாப்பைத் தராத கம்பெனி திருந்தும்படியான தொகை விதிக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. மனுவில் தண்டனை இழப்பீடு என்று தனியாக ஒரு வரி எழுத இது உதவும்.

கடைக்காரர் பணம் தருகிறேன், கையெழுத்துப் போடு என்கிறார்.

மருத்துவச் செலவுக்கு என்று கொடுத்தால் வாங்கலாம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் வேண்டாம். தோல் ஒட்டு அறுவை தேவையா என்று சில மாதம் கழித்துத்தான் தெரியும். ஒத்துப்போக இரு தரப்புக்கும் விருப்பம் இருந்தால், மனுப் போட்ட பிறகு ஆணையத்தின் சமரச மையத்திலேயே பேசி முடிக்கலாம், அங்கே எழுதுவது செல்லுபடியாகும்.

எங்களுக்குப் பணம் வேண்டாம். ஆனால் இந்தச் சரக்கு இன்னும் கடையில் விற்கிறதே?

இப்படிக் கேட்டவர் ஒரு பள்ளி ஆயாம்மா, மிக்ஸியில் ஷாக் அடித்துத் தப்பித்தவர். 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை 2021 பிப்ரவரி 1 முதல் விற்கவே கூடாது. அதை மீறி விற்க விட்ட ஆன்லைன் தளங்களுக்கு, வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரும்படி 2022-இல் அந்த ஆணையம் உத்தரவிட்டது. முத்திரை உண்மையா என்று பார்க்க, அதன் கீழ் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பாருங்கள்.

புகார் சொல்லும்போது மாடல் பெயரோடு பேட்ச் எண்ணையும் சொல்லுங்கள். குக்கரில் அது அடிப்பாகத்திலோ கைப்பிடிக்குக் கீழோ பொறித்திருக்கும். அதே பேட்ச் எத்தனை வீட்டு அடுப்பில் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கில்தான் இருக்கும்.